பாதை பார்க்க ஒரு சனி, கூட்டிப்போக ஒரு ஞாயிறு

கேள்வி இது: "கேளம்பாக்கம் பக்கம் எங்கள் அடுக்ககத்தில் பதினான்கு பேர் ஞாயிறுதோறும் சைக்கிளில் முட்டுக்காடு வரை போய்த் திரும்புகிறோம். சலித்துவிட்டது. கோவளம், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் என்று ஒரு வட்டத்தை வரைபடத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். எங்களில் பதினைந்து வயதுப் பையனும் இருக்கிறான், அறுபதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். முன்னதாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமா, வரைபடமே போதுமா?"

வரைபடம் போதாது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காரிலோ பைக்கிலோ வேண்டாம், சைக்கிளிலேயே போங்கள். நீங்கள் சொல்லும் இதே வட்டத்தை எங்கள் குழு போன தை மாதம் சுற்றியது. சனிக்கிழமை நானும் இன்னொருவரும் போய்ப் பாதை பார்த்தோம், மறுநாள் பதின்மூன்று பேராகக் கிளம்பினோம். அந்த இரண்டு நாளில் சரியாக நடந்ததையும் சொதப்பியதையும் சொன்னால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

முதலில் நிலம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மகாபலிபுரம் சாலையும் ஏணியின் இரண்டு மூங்கில்போல வடக்குத் தெற்காக ஓடுகின்றன. நடுவில் மரக்காணம் வரை போகிற பக்கிங்காம் கால்வாய், அதை ஒட்டி உப்பங்கழி, உப்பளம். கால்வாய்க்குப் பாலம் இருக்கிற இடத்தில்தான் குறுக்கே போக முடியும் என்பதால் இந்த ஏணிக்குப் படிகள் குறைவு. சோழிங்கநல்லூர்–அக்கரை ஒன்று, கேளம்பாக்கம்–கோவளம் ஒன்று, திருப்போரூர்–நெம்மேலி ஒன்று. கடைசியில் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் பழைய சாலை முடிந்துவிடுகிறது. (2022இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்த அதே பூஞ்சேரி.) இதை மனத்தில் வாங்கிக்கொண்டால், யாருக்காவது முடியாமல் போனால் எங்கே குறுக்கே வெட்டி வீட்டுக்கு அனுப்பலாம் என்பது கைபேசியைப் பார்க்காமலே தெரியும்.

திருக்கழுக்குன்றம் இந்த ஏணிக்கு வெளியே, மேற்கே தள்ளி இருக்கிறது. திருப்போரூரிலிருந்து மானாம்பதி வழியாக அங்கே போய், அங்கிருந்து பூஞ்சேரிக்கு வந்தால் மொத்த வட்டம் 70 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். திருக்கழுக்குன்றத்தை விட்டுவிட்டுப் பழைய சாலையிலேயே நேராகப் பூஞ்சேரி போய்விட்டால் 50 கி.மீ. அளவில் முடிந்துவிடும். ஒரே வட்டத்துக்குள் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பல வயதினர் சேர்ந்து போகும் குழுவுக்கு இதைவிட வசதியான அமைப்பு சென்னைப் பக்கம் கிடைப்பது கஷ்டம். அந்த வகையில் உங்கள் தேர்வு நல்ல தேர்வுதான்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையில் போகாதீர்கள். கோவளத்தில் தொடங்கித் தெற்கே போனால் வட்டம் வலமாகச் சுற்றும். வலமாகச் சுற்றினால் திருப்பங்களும் வலப்பக்கம்தான் வரும். கோவளத்தில் நான்கு வழிச்சாலையின் ஒரு பாதியைக் குறுக்கே கடந்து வலது, மாமல்லபுரத்தில் மறுபடி குறுக்கே கடந்து வலது, திருக்கழுக்குன்றத்தில் ஒரு வலது. ஒற்றை ஆள் வலப்பக்கம் திரும்புவது பெரிய விஷயமில்லை. பதினான்கு பேர் திரும்பும்போது ஐந்து பேர் அந்தப் பக்கம் போய்விடுவார்கள், நான்கு பேர் சாலை நடுவில் நிற்பார்கள், மீதிப் பேர் இந்தப் பக்கம் மாட்டிக்கொள்வார்கள், அப்போது பார்த்து ஒரு வால்வோ பஸ் வரும். இடமாகச் சுற்றினால் திருப்போரூரில் ஒரே ஒரு வலது. அதையும் காலை ஆறரைக்குள் முடித்துவிடலாம். மற்றதெல்லாம் இடப்பக்கமாக ஒதுங்கித் திரும்புவதுதான். இன்னொரு லாபம்: ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல் சென்னைக் கார்கள் எல்லாம் மாமல்லபுரம் நோக்கி வந்துகொண்டிருக்கும், நீங்கள் எதிர்ப்புறச் சாலையில் வடக்கே போய்க்கொண்டிருப்பீர்கள்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது 63, எல்லோருக்கும் அவர் மாமா. இடஞ்சுற்று என்றதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "கந்தசாமி, வேதகிரீஸ்வரர், ஸ்தலசயனப் பெருமாள், மூணு பேரையும் அப்பிரதட்சிணமா சுத்தச் சொல்றியே தம்பி" என்றார். லாரிக்காரன் பிரதட்சிணம் பார்த்து ஓட்ட மாட்டான் மாமா என்றேன். திருப்போரூரில் இறங்கிக் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சமாதானமாகிவிட்டார்.

பாதை பார்க்க மாமாவைத்தான் கூட்டிப் போனேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் குழுவிலும் நடக்கும் தவறு இதுதான்: குழுவிலேயே வேகமாக ஓட்டுகிறவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, "சூப்பர் ரோடு, மூன்று மணி நேரத்தில் முடிச்சிடலாம்" என்று வந்து சொல்வார். அவர் 26 கி.மீ. வேகத்தில் போயிருப்பார். குழு போவது 17, 18இல். அவர் ஏழரைக்குக் கடந்த இடத்தைக் குழு ஒன்பதரைக்குக் கடக்கும், அப்போது அங்கே வேறு வெயில், வேறு போக்குவரத்து. மெதுவாகப் போகிறவரோடு போனால்தான் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருப்போம் என்பது சரியாகத் தெரியும். நாங்கள் சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பி, டிபன் நேரத்தையும் சேர்த்து, பதினொன்றே முக்காலுக்குத் திரும்பினோம். ஞாயிறு பதின்மூன்று பேராகப் போனபோது பன்னிரண்டே முக்கால் ஆனது. இரண்டு பேருக்கு ஆகும் நேரத்தோடு குறைந்தது ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பத்து நிமிட ஓய்வு என்று சொல்லி நிறுத்தினால், பதினான்கு பேருக்கு அது இருபத்தைந்து நிமிடம். இதை யாராலும் மாற்ற முடியாது, திட்டத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

சரி, சனிக்கிழமை என்ன பார்த்தோம்?

தையில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் வரும். திருப்போரூர் தாண்டி மானாம்பதி சாலையில் திரும்பியதும் தெருவிளக்கு குறைந்துவிட்டது, வயல் மேலிருந்து பனி சாலைக்கு இறங்கியிருந்தது. முன்விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று என் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கருங்கல். அதற்கப்புறம் இன்னொன்று, இன்னொன்று, வரிசையாக. அறுவடை நேரம் இல்லையா, சாலையின் பாதியில் நெல்லைக் காயப்போட்டு, ராத்திரி தார்ப்பாயால் மூடி, வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்திருக்கிறார்கள். காவலுக்குக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் எழுந்து, "பார்த்துப் போங்கப்பா, அந்தாண்ட கோயில் வரைக்கும் போட்டிருக்கு" என்றார். இறங்கி நடந்தோம். காலடிக் கணக்கில் முந்நூறு அடிக்கு மேல் இருந்தது. இதை எந்தச் செயற்கைக்கோள் படமும் காட்டாது. ஆடியில் போய்ப் பார்த்தவருக்கும் தெரியாது. நெல் போனால் உளுந்தும் வரும். செடியோடு சாலையில் பரப்பி, போகிற வண்டிச் சக்கரத்தில் மிதிபட வைப்பார்கள். அந்தக் கொடி கியர் சைக்கிளின் பின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் கத்தி வைத்துத்தான் அறுத்தெடுக்க வேண்டும். ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். கோபப்படவும் முடியாது. அது அவர்கள் ஊர், அவர்கள் சாப்பாடு.

அதே சாலையில் ஓர் ஊருக்குள் மூன்று நாய். நாய் விஷயத்தில் குழுவுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு: முதல் ஆள் போகும்போது நாய் விழித்துக்கொள்ளும், நடு ஆட்களைப் பார்த்துக் குரைக்கும், கடைசி ஆளைத்தான் துரத்தும். கடைசியில் வருவது பெரும்பாலும் மெதுவாக ஓட்டுகிறவராக இருப்பார், பாவம். அதனால் நாய் இருக்கும் ஊர்ப் பெயரைக் குறித்து வைத்தோம். மறுநாள் அந்த ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே எல்லோரையும் நெருக்கமாகச் சேர்த்து, பேச்சை நிறுத்தி, மெதுவாகக் கடந்தோம். அப்படியும் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடப்பதே வழி. மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால் விழுந்துதான் அடிபடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும். சின்னக் கீறல் என்று விட்டுவிடக் கூடாது.

டீக்கடைக் கதை இன்னும் முக்கியம். மானாம்பதியை நெருங்கும்போது ஒரு கூரைக் கடை. ஏழு மணிக்குப் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பதினான்கு சைக்கிளைச் சாய்த்து வைக்க எதிரில் புளியமரம், பின்னால் தண்ணீர்க் குழாய், உட்கார இரண்டு பெஞ்சு. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று மாமா உட்கார்ந்துவிட்டார். டீ குடித்துக்கொண்டே சும்மா கேட்டேன்:

"அக்கா, நாளைக்கும் இதே நேரத்துக்குக் கடை இருக்குமா?"

"நாளைக்கா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கறி எடுத்து வந்து வீட்டுல வச்சிட்டுத்தான் வருவேன். எட்டு, எட்டரை ஆவும்."

"ஒம்பது பேர் வரோம்க்கா."

"ஒம்பது பேரா! முன்னாடியே சொன்னா கூட ரெண்டு பாக்கெட் பால் வாங்கி வைப்பேன். சரி, ஏழு மணிக்குன்னா வீட்டுக்காரரை அனுப்பிவிடறேன். வருவீங்க இல்ல?"

ஒன்பது பேர் வந்தோம், மீதி நான்கு பேர் சின்ன வட்டத்தில் போய்விட்டார்கள். அவர் வீட்டுக்காரர் அடுப்பு மூட்டிவிட்டுக் காத்திருந்தார். கேட்காமல் போயிருந்தால் பூட்டிய கடைக்கு முன்னால் குளிரில் ஒன்பது பேர் நின்றிருப்போம். சனிக்கிழமை பார்த்தது ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தும் என்று நினைக்கவே கூடாது என்பதற்கு இதுவே போதும். உண்மையில், எங்கள் ஏற்பாட்டின் பெரிய ஓட்டையே சனிக்கிழமை போய்ப் பார்த்ததுதான். நீங்கள் முந்தின வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்தில், அதே திசையில் போய்ப் பாருங்கள். ஒரு வாரம் இடைவெளி இருந்தால் ஏதாவது சரியில்லை என்றாலும் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும். முந்தின நாள் 70 கி.மீ. மிதித்த காலோடு மறுநாள் மற்றவர்களைப் பார்த்துக்கொள்கிற அவஸ்தையும் இருக்காது.

பாதை பார்ப்பது என்றால் பலரும் சாலை எப்படி, பள்ளம் எங்கே, இயற்கைக் காட்சி எங்கே என்று பார்ப்பதாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் நிற்கும் இடங்களைப் பார்ப்பதுதான் முக்கால்வாசி வேலை. சாலை சுமாராக இருந்தாலும் குழு சமாளித்துவிடும். நிற்க இடமில்லாவிட்டால் சமாளிக்க முடியாது.

அதிலும் கழிப்பறை. இரண்டு வருடம் முன்னால் வேறொரு பாதையில் நான் செய்த தவறு இது. வழியில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டேன். போனால் கதவுக்குப் பூட்டு, சாவி மேனேஜரிடம், மேனேஜர் பத்து மணிக்குத்தான் வருவார். ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிவிட்டோம். குழுவில் இருந்த நான்கு பெண்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பங்குனி வெயிலில் இரண்டு மணி நேரம். கடைசியில் ஒருவர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். எதனால் என்று எனக்குப் புரியவே அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து, 20 கி.மீ.க்குள் ஒன்று வீதம், கதவைத் திறந்து, குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அதைப் பட்டியலில் சேர்க்கிறேன். முடிந்தால் பாதை பார்க்கப் போகும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நாங்கள் பார்க்காத பத்து விஷயத்தை அவர்கள் பார்ப்பார்கள்.

திருக்கழுக்குன்றத்தை நெருங்கும்போது மலை தெரியும். மேலே ஏறலாமா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். 565 படி. பாதிப் பேர் ஏறப் போனால் மீதிப் பேர் கீழே காத்திருக்க வேண்டும், இறங்கி வந்தவர்களுக்கு அப்புறம் மிதிக்கக் கால் வராது. அதற்குத் தனியாக ஒரு நாள் வாருங்கள். அந்தக் காலத்தில் மத்தியானம் சோறு சாப்பிட இரண்டு கழுகுகள் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அவை கழுகுகூட இல்லை, மஞ்சள்முகப் பாறு என்கிற பிணந்தின்னிப் பறவை. 1990களோடு அவை வருவது நின்றுபோனது. மாமா சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். சங்கு தீர்த்தக் குளத்தருகே நின்று ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசினார். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை சங்கு மிதந்து வருவதாகச் சொல்வார்களே, அந்தக் குளம்தான். போன முறை வந்தது 2024 மார்ச்சில். ஆக, குளக்கரையில் நிற்கிற ஐந்து நிமிடத்தைத் திட்டத்தில் சேர்த்தோம், மலையைச் சேர்க்கவில்லை.

அங்கிருந்து பூஞ்சேரிக்குப் போகும் 15 கி.மீ.தான் நாங்கள் எதிர்பார்க்காதது. சாலை நன்றாகவே இருந்தது. சிக்கல் சூரியன். எட்டேகால் மணிக்குக் கிழக்கு நோக்கிப் போகிறோம், வெயில் நேராகக் கண்ணில். நமக்குக் கூசுவது பரவாயில்லை, தொப்பியை இறக்கிக்கொள்ளலாம். பின்னால் வருகிற லாரிக்காரருக்கும் அதே சூரியன்தான் கண்ணில் அடிக்கிறது, அவருக்கு நாம் தெரியவே மாட்டோம். மாமா இதை ஒரு டிப்பர் உரசிக்கொண்டு போன பிறகுதான் சொன்னார். மறுநாள் செய்தது: அந்தச் சாலையில் பகலிலும் பின்பக்கச் சிவப்பு விளக்கை மினுங்க விட்டோம், எல்லோரும் ஒற்றை வரிசை, நான்கு ஐந்து பேராக இரண்டு பிரிவு, நடுவில் ஒரு பஸ் நுழைந்து ஒதுங்கும் அளவு இடைவெளி. ஒன்பது பேர் ஒட்டிக்கொண்டு போனால் பின்னால் வருகிறவருக்கு முந்தவே வழியிருக்காது, பொறுமை இழந்து வெட்டுவார்.

இனி கிழக்குக் கடற்கரைச் சாலை. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. சாளுவன்குப்பம், நெம்மேலி கடல்நீர் ஆலை, முதலைப் பண்ணை என்று எல்லாம் நீங்கள் பார்த்துப் பார்த்துச் சலித்ததுதான். காற்று மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறும். தையில் வடக்கே திரும்பும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கும், மாமல்லபுரத்தில் பொங்கலை ஒரு பிடி பிடித்தவர்கள் அதில் ரொம்பச் சிரமப்பட்டார்கள். (இட்லி சாப்பிடச் சொல்லுங்கள். நெய்ப்பொங்கலும் வடையும் 27 கி.மீ. பாக்கி இருக்கும்போது சாப்பிடுகிற பண்டம் இல்லை.) சித்திரை, வைகாசியில் பத்தரை மணிக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும், அதே சாலையில் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் பத்தரை மணிக்கு நீங்கள் சாலையிலேயே இருக்கக் கூடாது, அது வேறு விஷயம். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வரும் கடைசிப் பகுதியில் உப்பங்கழியைப் பாருங்கள். பருவம் சரியாக இருந்தால் பூநாரைகள் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை சொதப்பியது திருப்போரூரில். அன்றைக்கு முகூர்த்தம். கந்தசாமி கோயிலில் தை முகூர்த்தத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று செங்கல்பட்டு மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாங்கள் யாரையும் கேட்கவில்லை. காலை ஆறரைக்கே வேன்கள், டெம்போக்கள், பட்டுப்புடவையில் குடும்பம் குடும்பமாக மக்கள். சாலையைக் கடந்து வலப்பக்கம் திரும்ப, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருபது நிமிடம் ஆனது. ஒரு மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பார்த்து ஏதோ விழிப்புணர்வுப் பேரணி என்று நினைத்து வழிவிட்டார்கள். வானிலை பார்த்தோம், காற்று பார்த்தோம், சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கிழிக்கும்போது கீழே போட்டிருப்பதைப் பார்க்கவில்லை. முகூர்த்தம், கிருத்திகை, மாசியில் திருப்போரூர் பிரம்மோற்சவம், சித்திரையில் திருக்கழுக்குன்றம் தேர், அங்கேயே பௌர்ணமி கிரிவலம். இந்த நாட்களை விட்டுவிட்டால் இந்த வட்டத்தில் பாதித் தொல்லை குறைந்துவிடும்.

திருப்போரூரில்தான் குழுவையும் பிரித்தோம். நான்கு பேர் சின்ன வட்டத்துக்கு நேராகப் பூஞ்சேரி போய், மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒன்பது பேர் பெரிய வட்டம். டிபனுக்கு எல்லோரும் ஒன்று சேர்ந்து, அங்கிருந்து வீடுவரை ஒன்றாகவே வந்தோம். இடஞ்சுற்றில் இருக்கிற ஒரே குறை, இந்தப் பிரிவை 9 கி.மீ.யிலேயே முடிவு செய்ய வேண்டியிருப்பது. அப்போது யாருக்கும் களைப்பே தெரியாது, எல்லோரும் பெரிய வட்டம்தான் என்பார்கள். அதனால் முந்தின நாளே பெயர் வாங்கிவிடுங்கள். பதினைந்து வயதுப் பையனைப் பற்றிக் கவலை வேண்டாம், அவன் மிதித்துவிடுவான். கவலைப்பட வேண்டியது ஆறு மாதமாக சைக்கிளைத் தொடாமல் அன்றைக்கு மட்டும் வருகிற நாற்பது வயதுக்காரரைப் பற்றித்தான்.

வழி தவறாமல் இருக்க எல்லோர் கைபேசியிலும் பாதைக் கோப்பை ஏற்றிக் கொடுத்தோம். யாரும் பார்க்கவில்லை. வேலை செய்தது பழைய முறைதான்: ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் ஆளுக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நின்றுவிட வேண்டும், கடைசி ஆள் வந்து சேரும்வரை நகரக் கூடாது. கடைசி ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு மஞ்சள் சட்டை போட்டவர். திருப்பம் குறைவான பாதை என்பதால் ஐந்தே இடத்தில் ஆள் நிறுத்தினால் போதும் என்று சனிக்கிழமையே எண்ணி வைத்திருந்தேன்.

பஞ்சர் மூன்று. மூன்றும் சீமைக்கருவேல முள். மூன்றுமே டீ குடிக்கவோ ஒதுங்கவோ சாலையை விட்டு மண்ணில் இறக்கியபோது ஏறியவை. சைக்கிளைச் சாலை ஓரத்திலிருந்து உருட்டாமல் தூக்கிக்கொண்டு போய் வைக்கச் சொல்லுங்கள், பாதி பஞ்சர் குறையும். எங்களிடம் ட்யூப் ஆறு இருந்தது, ஆனால் பஞ்சரான முதல் சைக்கிளுக்குப் பொருந்தும் அளவில் ஒன்றுமில்லை. பதின்மூன்று சைக்கிளில் நான்கு விதச் சக்கர அளவு. கிளம்புவதற்கு முன்னால் யார் யார் சைக்கிளுக்கு என்ன அளவு என்று டயரிலேயே எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு தாளில் குறித்துவிடுங்கள். அப்புறம் அந்தச் சின்னப் பித்தளைத் திருகு. மெல்லிய சக்கர சைக்கிள்களில் பிரெஸ்டா வால்வு இருக்கும், ஊர்ப்புறப் பஞ்சர் கடையில் இருக்கிற காற்றுக் குழாய் பைக் வால்வுக்கானது, இது அதில் பொருந்தாது. திருகை மாட்டினால் பொருந்தும். விலை சொற்பம், சட்டைப் பையில் கிடக்கும். அது இல்லாமல், பஞ்சர் கடையின் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு காற்றடிக்க முடியாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரிசெய்யவே முடியாத நிலை வந்தால் குட்டியானைதான். திருப்போரூர், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் மூன்று ஊரிலும் வண்டி நிற்கும் இடத்தில் தலா ஓர் ஓட்டுநரிடம் பேசி, ஞாயிறு காலை வண்டி எடுப்பாரா, கேளம்பாக்கத்துக்கு என்ன கேட்பார் என்று விசாரித்து, எண் வாங்கி வைத்தோம். அன்றைக்குக் கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனால் பையில் மூன்று எண் இருக்கிறது என்பதால் நான் நிம்மதியாக ஓட்டினேன்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: நாட்காட்டியில் முகூர்த்தமோ விசேஷமோ இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள். அதற்கு முந்தின ஞாயிறு உங்கள் பதினான்கு பேரில் மெதுவாக ஓட்டுகிறவரும் இன்னொருவரும் மட்டும் முட்டுக்காட்டுக்கு மட்டம் போட்டுவிட்டு இந்த வட்டத்தைப் போய்ப் பார்க்கட்டும். மானாம்பதிக்கு முன்னால் புளியமரத்துக்கு எதிரில் அந்தக் கூரைக் கடை இருக்கும். எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வாருங்கள், பால் வாங்கி வைக்க வேண்டும் அவருக்கு.